இறால் ஓடும் மருந்துக் குளிசையும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இறாலின் சதைக்கே விலையுண்டு. பதனிடும் இடங்களில் எஞ்சும் ஓடும் தலையும் பெரும்பாலும் கழிவாகவே கருதப்படுகின்றன. ஆனால், அந்த ஓட்டிலுள்ள கைற்றினிலிருந்து பெறப்படும் கைற்றோசான் என்னும் பொலிமர், மருந்தியல் ஆய்வாளர்கள் பல தசாப்தங்களாகக் கவனஞ்செலுத்தி வரும் ஒரு பொருளாகும்.

காரணம் எளிமையானது. விழுங்கும் குளிசை கரைந்தாலன்றி மருந்து குடற்சுவரைக் கடந்து குருதியைச் சென்றடையாது. படர்தாமரைக்குக் கொடுக்கப்படும் கிறிசியோபுல்வினைக் கொழுப்புள்ள உணவுடன் உட்கொள்ளுமாறு வைத்தியர்கள் கூறுவது, அது நீரில் எளிதிற் கரையாதது என்பதனாலேயே. கரையாத பங்கு உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடுகின்றது. நோயாளியோ அதற்கும் சேர்த்தே பணம் செலுத்துகின்றார்.

இத்தகைய மருந்தை நுண்துணிக்கைகளாக்கிக் கைற்றோசானாற் போர்த்தினால், நேரேற்றமுடைய அப்பொலிமர் குடலின் மறையேற்றமுடைய சீதப்படையிற் பற்றிக்கொள்ளும். மருந்து கரைவதற்கும் உறிஞ்சப்படுவதற்கும் கூடுதல் அவகாசம் கிடைக்கும். எனினும், இதனை அற்புதமாகச் சித்திரிப்பது தவறாகும். அமிலத்தன்மை குறைந்த குடற்பகுதியில் கைற்றோசான் தன் ஏற்றத்தை இழக்கின்றது. சீதப்படையும் சில மணித்தியாலங்களில் கழன்று புதுப்பிக்கப்படுகின்றது. இக்குறையைப் போக்க, கந்தகக் கூட்டங்களை இணைத்த பொலிமர்களை ஒஸ்ரிய ஆய்வாளர் அன்ட்ரியாஸ் பேர்ன்கொப்-ஷ்னூர்ச் உள்ளிட்டோர் உருவாக்கினர். ஆயினும், வாய்வழி மருந்துகளில் இம்முயற்சி இன்னும் பெரிதும் ஆய்வுகூட நிலையிலேயே உள்ளது.

எமது நாட்டுக்கு இதில் அக்கறை இல்லாதிருக்க முடியாது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பின்னர் 1987 இல் உள்நாட்டில் மருந்து தயாரிப்பதற்கென மற்றொரு கூட்டுத்தாபனமும் தோன்றியது. இருந்தும், 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது வைத்தியசாலைகள் மருந்தின்றித் திண்டாடியதை மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். இறால் ஓட்டிலிருந்து கைற்றோசானைப் பிரித்தெடுக்கும் தொழினுட்பத்தை அயலிலுள்ள கொச்சியின் மத்திய மீன்பிடித் தொழினுட்ப நிறுவனம் எப்போதோ விருத்திசெய்துவிட்டது. இங்கு அது இயலாததன்று.

முஸ்லிம் வாசகர்களுக்கு இதில் மேலுமொரு கரிசனை உண்டு. மருந்து உறைகளிலுள்ள ஜெலற்றின் எவ்விலங்கினது என்ற ஐயம் நீண்டகாலமாகவே நிலவுகின்றது. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இறால் ஆகுமானதே. நோன்பு துறக்கும் வேளையில் பரிமாறப்படும் கடற்பாசியும் கடல் தந்த பொலிமர்தானே!

ஆனால், ஓட்டிலிருந்து கைற்றோசானைப் பெற ஐதரோகுளோரிக் அமிலமும் செறிந்த காரமும் வேண்டும். எஞ்சும் நீரைச் சுத்திகரியாது களப்பில் விட்டால் என்னவாகும்? கண்டல் மரங்களை அழித்து இறால் பண்ணைகள் அமைக்கப்பட்டதையும், 1996 இல் வெண்புள்ளி நோய் அப்பண்ணைகளையே நிலைகுலையச் செய்ததையும் இம்மாவட்டம் கண்டிருக்கின்றது. கற்பிட்டிக்கு வடக்கே, கடலும் களப்பும் சூழ்ந்த உச்சமுனையின் மீனவர்களுக்கு அந்நீரை விட்டால் வேறு வாழ்வாதாரம் கிடையாது. பெருந்திட்டங்கள் அவர்களைக் கேளாமலே தீட்டப்படுவது இங்கு புதிதுமன்று.

ஆகவே, அத்தகைய ஆலையொன்று அமையுமாயின் அது களப்பிலிருந்து விலகி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதியுடனேயே அமையவேண்டும். ஓட்டைச் சேகரித்து உலர்த்தும் வேலையும் அதற்கான கூலியும் கரையோரப் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைக்கப்படவேண்டும். மருந்துத் தரத்திலான தூய்மையாக்கலை உள்நாட்டிற் செய்யாமல் உலர்ந்த ஓட்டை மாத்திரம் ஏற்றுமதி செய்வோமாயின், அதிலிருந்து உருவாகும் மருந்தையும் நாம் டொலர் கொடுத்தே வாங்க நேரிடும்.