கணினி வரலாற்றுல நம்ம பக்கம் எங்கேங்க?

நூறு வருஷக் கணினி வரலாறுன்னு யார் எழுதினாலும் ஒரே வண்டித்தடத்துலதான் ஓட்டறாங்க. 1946-ல எனியாக், ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல், 30 டன் எடை. அப்புறம் டிரான்சிஸ்டர், சில்லு, ஐபிஎம், ஆப்பிள், பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜாப்ஸ், கடைசியா நம்ம சட்டைப்பையில இருக்கற செல்போன். இந்தியாவைப் பத்திக் கேட்டா ரெண்டு வரி சேர்த்துக்குவாங்க. 1955-ல கல்கத்தா புள்ளியியல் கழகத்துக்கு இங்கிலாந்துல இருந்து மெஷின் வந்துச்சு, பம்பாய் டாடா ஆய்வு நிலையத்துல நாமளே கட்டின டிஃப்ராக் 1960-ல ஓட ஆரம்பிச்சுதுன்னு.

தப்பு ஒண்ணும் இல்லீங்க, எல்லாம் நடந்ததுதான். ஆனா இதுல நம்ம எழுத்து எங்கே? நீங்களும் நானும் இங்க உக்காந்து தமிழ்ல தட்டிட்டிருக்கோமே, இது எப்படி வந்துச்சு? மெஷின் எப்படி வேகமாச்சுங்கறது அமெரிக்காக்காரனோட வரலாறு. மெஷினுக்குள்ள தமிழ் எப்படிப் போச்சுங்கறதுதான் நம்ம வரலாறு. அதை நாம எழுதி வெக்கலைன்னா வேற யாரும் எழுத மாட்டாங்க. என் கட்சி இதுதான்.

இந்த வரலாறு கம்ப்யூட்டர்ல ஆரம்பிக்கலை, தட்டச்சுப் பொறியில ஆரம்பிக்குது. இங்கிலீசுக்கு 26 எழுத்து, நமக்கு 247. அத்தனைக்கும் விசை வெச்சா மெஷின் கட்டில் அகலத்துக்குப் போயிரும். யாழ்ப்பாணத்துல பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையா உக்காந்து யோசிச்சு விசைப்பலகையை வடிவமைச்சார். புள்ளி விசையை அடிச்சா வண்டி நகராது, அடுத்து எழுத்தை அடிச்சா ரெண்டும் ஒரே இடத்துல விழும். நகரா விசைன்னு பேரு. எங்க கோபியில இன்னிக்கும் பசங்க இன்ஸ்டிட்யூட் போயி லோயர், ஹையர் எழுதறாங்க, குரூப் 4 தட்டச்சர் வேலைக்கு அது வேணும்ல. அவங்க விரல் பழகறது அந்த யோசனையோட வாரிசைத்தான். ஆனா முத்தையா பேரைக் கேட்டா பத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சா அதிசயம்.

அடுத்த கதை இன்னும் பக்கம். ஈரோட்டுல பிறந்த குடி அரசு இதழ்ல 1935-ல பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டு வந்தார். பழைய லை, னை எல்லாம் துதிக்கை வெச்சுட்டு நிக்கும், ணா, றா, னா-வுக்குத் தனித்தனி வடிவம் இருக்கும். எதுக்கு இத்தனை அச்சு, பொதுவான குறியைப் போட்டா அச்சுக் கோக்கறதும் தட்டச்சு அடிக்கறதும் சுலபமாகும்ல என்பதுதான் வாதம். அரசு அதை ஏத்துக்கிட்டது 1978-ல. 43 வருஷம்! அவரை உங்களுக்குப் பிடிக்குதோ பிடிக்கலையோ, நீங்க தட்டற ஒவ்வொரு 'லை'யும் அந்த முடிவோட விளைவுதான். கணினி வரலாற்றுப் புத்தகத்துல இதை யாராச்சும் சேர்த்துப் பாத்திருக்கீங்களா?

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாதுங்க, நம்பர்தான் தெரியும். 1963-ல அமெரிக்காவுல ஆஸ்கின்னு ஒரு தரம் போட்டாங்க. மொத்தம் 128 இடம், இங்கிலீசு எழுத்து, எண், புள்ளி, கமா எல்லாம் உள்ள உக்காந்துருச்சு. தமிழுக்கு நிக்கக்கூட இடமில்ல. அதனால நம்மாளுங்க ஒரு தந்திரம் பண்ணாங்க. நம்பர் இங்கிலீசோடதாவே இருக்கட்டும், திரையில தெரியற படத்தை மட்டும் தமிழா மாத்திருவோம்னு. பாமினி மாதிரி எழுத்துரு எல்லாம் அப்படி வந்ததுதான். வாடகை வீட்டுல பேர்ப்பலகையை மட்டும் மாத்தி மாட்டிக்கிட்ட கதை.

அந்த வேலையைப் பண்ணினவங்க யாருன்னு பாருங்க. மலேசியாவுல முத்து நெடுமாறன் 1980-கள்ல முரசு மென்பொருளைச் செய்யறார். சிங்கப்பூர்ல எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 1995-ல தமிழை இணையத்துல ஏத்தினதுல முன்னோடி. 1999-லயே காலமாயிட்டார். சுவிட்சர்லாந்துல வேதியியல் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செஞ்சு இலவசமாக் குடுத்தார், 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டத்தை ஆரம்பிச்சார். இவங்கள்ல பல பேருக்கு இது சோறு போட்ட தொழில் இல்ல. ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி உக்காந்து பண்ணின வேலை.

சிக்கல் என்னன்னா, எழுத்துருவுக்கு எழுத்துரு நம்பர் வேற. நான் அனுப்பினது உங்களுக்குப் பூச்சி பூச்சியாத் தெரியும். இணையத்துல விவாதிச்சே திஸ்கின்னு ஒரு குறியீட்டை உருவாக்கினாங்க (பதிவுக்குக் கீழ நாம போடற டிஸ்கி இல்லீங்க இது :-)). 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்இணையம் 99 மாநாடு நடந்து டாம், டாப்னு ரெண்டு குறியீடும் தமிழ்99 விசைப்பலகையும் வந்துச்சு. ஆக ஒத்துமைக்காகக் கூடினாலும் ரெண்டு தரம்!

இத்தனைக்கும் 1991-ல யூனிகோடு முதல் பதிப்புலயே தமிழுக்குன்னு 128 இடம் ஒதுக்கியாச்சு. விண்டோஸ் 2000-லயே லதா எழுத்துரு கூடவே வந்துருச்சு. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமா அறிவிச்சது 2010 ஜூன்ல, நம்ம கோவையில செம்மொழி மாநாடு நடந்தப்போ. கூடவே டேஸ்-16-ன்னு இன்னொண்ணையும் மாற்றா வெச்சாங்க. கணக்குப் போட்டா 19 வருஷம். உயிர்மெய்க்குத் தனி இடம் குடுக்காம க-வையும் கொம்பையும் பிரிச்சு வெச்சுட்டாங்கன்னு யூனிகோடு மேல இருந்த வருத்தத்துல நியாயம் இருக்கு, நான் மறுக்கலை. ஆனா ஊரே ஒரே அளவுப் படியை வெச்சு அளந்தாத்தான் சந்தை நடக்கும். படி கொஞ்சம் கோணலா இருந்தாலும் பரவால்லீங்க, ஆளுக்கொரு படி வெச்சிருக்கறதுதான் கேடு.

அரசு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள வலைப்பதிவர்கள் யூனிகோடுக்குக் குடி போயாச்சு. முகுந்த் குடுத்த எ-கலப்பை, சுரதா யாழ்வாணன் பண்ணின எழுத்து மாத்தி, படிக்கறவங்க கிட்ட எழுத்துரு இல்லாட்டியும் பக்கம் தெரியறதுக்கு அதிராம்பட்டினம் உமர்தம்பி குடுத்த தேனீ (மனுசன் 2006-ல போயிட்டார்), 2004-ல காசி ஆறுமுகம் ஆரம்பிச்ச தமிழ்மணம். இந்த நாலும் இல்லைன்னா நம்ம கும்மி, மொக்கை, சண்டை, சமாதானம் எதுவும் இல்ல. அரசாணை வர்றதுக்கு முன்னாடியே தரத்தை நடைமுறைல நிலைநிறுத்தினது நாமதான். இதைச் சொல்றதுக்கு எதுக்குக் கூச்சப்படணும்?

இதெல்லாம் பழங்கதை, இப்ப எதுக்குன்னு கேப்பீங்க. விஷயமே இங்கதான் இருக்கு.

எங்க பக்கம் கும்பாபிஷேக மலர், குலதெய்வக் கோயில் வரலாறு, கூட்டத்து வரலாறுன்னு சின்னச் சின்னதா நிறையப் புத்தகம் போடுவாங்க. எந்த ஊர்ல இருந்து வந்தோம், எந்தக் காணி யாருக்கு, எந்தக் கல்வெட்டு எங்க கெடக்குதுன்னு ஊர்ப் பெரியவங்க சொன்னதெல்லாம் அதுலதான் இருக்கும். 1990-கள்லயும் அதுக்கப்புறமும் வந்ததெல்லாம் டிடிபி கடையில பழைய எழுத்துருவுல அடிச்சது. போன வருஷம் அப்படி ஒரு மலரோட கோப்பு ஒரு கடையில கெடைச்சுது. தெறந்தா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டின குப்பை. எந்த எழுத்துருன்னு அடிச்சவருக்கே ஞாபகம் இல்ல. அச்சடிச்ச பிரதி ரெண்டு மூணு வீட்டுல இருக்கலாம், கரையான் விட்டு வெச்சிருந்தா. ஓலைச்சுவடி 300 வருஷம் தாங்குச்சு, நம்ம கோப்பு 25 வருஷம் தாங்கலை.

இணையத்துல மட்டும் என்ன வாழுது? 2009 அக்டோபர்ல ஜியோசிட்டீசை மூடினப்ப எத்தனையோ ஆரம்பகாலத் தமிழ்ப் பக்கம் அதோட போச்சு. யாஹூ குழுமத்துல இருந்த மடல்களை 2019 டிசம்பர்ல அழிக்க ஆரம்பிச்சு, 2020 டிசம்பர்ல கதவையே சாத்திட்டாங்க. மரத்தடி, ராயர் காப்பி கிளப் எல்லாம் அங்க இருந்ததுதானே. ரெண்டு வருஷம் எட்டிப் பாக்காத கணக்குகளை நீக்கலாம்னு கூகுளும் 2023-ல விதி போட்டிருக்கு. இறந்துபோன பதிவர்களோட கடவுச்சொல் யார் கிட்ட இருக்கு? யோசிச்சுப் பாருங்க.

"அதான் செயற்கை அறிவு வந்துருச்சே, எல்லாத்தையும் அது பாத்துக்கும்"னு ஒரு நண்பர் சொன்னார். ஏனுங்க, அது வானத்துல இருந்தா தமிழ் கத்துக்குது? எழுதி வெச்சதைப் படிச்சுத்தானே கத்துக்குது. தமிழ்ல இருந்ததே கொஞ்சம், அதுலயும் பாதி பழைய எழுத்துருவுல செத்துக் கெடந்தா, அதுக்கு நம்ம பேச்சு எங்க இருந்து வரும்?

அதனால நான் கேக்கறது மூணே மூணு. ஒண்ணு, உங்க வலைப்பூவை இன்னிக்கே காப்பு எடுத்து வெய்யுங்க. பிளாக்கர் அமைப்புகள்ல வசதி இருக்கு, மொத்தமும் ஒரே கோப்பா இறங்கிரும். ரெண்டு, உங்க பழைய குறுந்தகட்டுல, வன்தட்டுல பாமினி, திஸ்கி, வானவில்லுன்னு எது இருந்தாலும் மாத்தி வெய்யுங்க. எழுத்துரு மாத்திகள் இன்னும் கெடைக்குது, எந்த எழுத்துருன்னு தெரிஞ்ச ஆளுகளும் இன்னும் இருக்காங்க. இன்னும் பத்து வருஷம் போனா ரெண்டுல ஒண்ணு இருக்காது. மூணு, உங்க ஊர் மலர், கூட்டத்து வரலாறு ஒண்ணையாச்சும் யூனிகோடுல ஏத்துங்க. ராத்திரி கண்ணு முழிச்சு நமக்கு எழுத்து வாங்கிக் குடுத்தவங்களுக்கு நாம வேற என்னத்தைத் திருப்பிக் குடுக்கறது?

டிஸ்கி: பட்டியல்ல விட்டுப்போன பேரு நிறைய இருக்கும், ஒரு பதிவுக்குள்ள அடங்காது. தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல வருஷத்தோட சொல்லுங்க, தனிப்பதிவாவே போட்டுருவோம். "யூனிகோடா, டேஸா"ன்னு பழைய சண்டையைத் தொடரணும்னு நினைக்கறவங்களும் வரலாம், ஆனா காப்பு எடுத்துட்டு வாங்க :-)