துப்பாக்கி வேண்டுமாம், காவலாளி வேண்டாமாம்!

மேட்டுப்பாளையம் மண்டி வட்டாரத்தில் ஒரு பேச்சு அடிபடுகிறது. “பாங்கிக்குப் பணம் கொண்டுபோகவே பயமாக இருக்கிறது. சர்க்கார் தாராளமாகத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கட்டும். இடுப்பில் ஒன்று இருந்தால் எவன் கிட்டே வருவான்?” என்கிறார்கள் சில பெரிய வியாபாரிகள்.

பயத்துக்குக் காரணமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. 2024 செப்டம்பர் 27-ந் தேதி திருச்சூரில் மூன்று ஏ.டி.எம்.களை உடைத்த கும்பல், காரைக் கன்டெய்னர் லாரிக்குள் மறைத்துக்கொண்டு நமது கொங்குச் சீமைக்குள் வந்து, குமாரபாளையம் அருகேதான் பிடிபட்டது. ஆனால் அந்தக் கும்பல் எப்பொழுது உடைத்தது? ஊர் உறங்கும் வேளையில்! அந்நேரத்தில் வியாபாரியின் துப்பாக்கி எங்கே இருக்கும்? அவர் வீட்டு அலமாரியில்!

சட்டம் என்ன சொல்கிறது? 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2016-ம் வருஷத்து விதிகளின்படி, லைசென்ஸ் உள்ளவரும் பொது இடத்தில் அதை உறையிலிட்டு, முழுக்க மூடித்தான் கொண்டுபோகலாம். எடுத்து நீட்டி மிரட்டக்கூடாது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது. இவை நியாயமான வரம்புகள். பாங்கி வரிசையில் நிற்பவர் யார்? பென்ஷன் வாங்க வந்த பாட்டி, நூறு நாள் வேலைக் கூலிக்கு வந்த தாய்மார்கள். அங்கே பாயும் குண்டு திருடனை மட்டும் தேடிப் போகுமா?

“வெள்ளைக்காரன் 1878-ல் ஆயுதச் சட்டம் போட்டு இந்தியனை நிராயுதபாணியாக்கினானே, அதையா ஆதரிக்கிறீர்கள்?” என்று மடக்கப் பார்க்கிறார்கள். வெள்ளையனுக்கு விலக்கு, இந்தியனுக்குத் தடை என்ற பாரபட்சமே அன்று நம் தேசம் எதிர்த்த அநியாயம். இன்று கேட்கும் தளர்வும் பாரபட்சந்தான். துப்பாக்கி வாங்கும் காசு சுமை தூக்கும் தொழிலாளியிடம் உண்டா? காசுள்ளவன் இடுப்பில் ஏறிய துப்பாக்கி, கூலி உயர்வு கேட்கும் நாளிலும் அதே இடுப்பில்தான் இருக்கும்!

நிஜமான பிரச்னை வேறு. செலவைக் குறைக்கப் பாங்கிகள் ஏ.டி.எம். வாசலிலிருந்து காவலாளியை எடுத்துவிட்டுக் காமிராவை மாட்டின. காமிரா திருடனைப் படம் பிடிக்கும், திருடனைப் பிடிக்காது. காவலாளி இருக்கும் இடத்திலோ, கான்ட்ராக்ட் முறையில், பன்னிரண்டு மணி நேரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வயோதிகர் ஒருவர்!

பண வண்டியின் கதை என்ன? ஆயுதம் தாங்கிய காவலர் இருவர் வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. ஆயினும் 2025 ஜனவரி 16-ந் தேதி, பட்டப்பகலில், கர்நாடகத்தின் பீதர் நகரில் ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுவந்த தொழிலாளி சுடப்பட்டு மாண்டார். பணம் பாங்கியுடையது, போன உயிர் கூலிக்காரனுடையது!

ஆகவே நாம் கோருவது இது: ஏ.டி.எம். தோறும் எட்டு மணி நேர வேலையில் மூன்று ஷிப்டு காவலாளிகள். பாங்கியே நேரடியாக நியமிக்க வேண்டும். பயிற்சியும் நியாயமான சம்பளமும் தரவேண்டும். பண வண்டி விதிகளைக் கறாராக அமல் நடத்த வேண்டும்.

சிறு வியாபாரிகளே! உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு உங்கள் இடுப்பில் இல்லை. காவலாளியின் உரிமைப் போரில் இருக்கிறது. அவரோடு சேர்ந்து குரல் கொடுங்கள்!