காட்டர் பின்னும் ஓரடிக் குழாயும்

ஆயுத பூஜை நெருங்கினால் சில வீடுகளில் இந்தக் கூத்து நடக்கும். மாடிப்படிக்கு அடியில் இருபது வருடமாகச் சாய்ந்து கிடந்த தாத்தாவின் சைக்கிளைப் பேரன் வெளியே இழுப்பான். துடைத்து, சந்தனப் பொட்டு வைக்கிற வரை பிரச்னை இல்லை. "ஓட்டிப் பார்த்தா என்ன?" என்று ஆசை வரும்போதுதான் விவகாரம் ஆரம்பம்.

மிதித்தால் கறக் கறக் என்று சத்தம். உள்ளே கிரீஸ் காய்ந்து கட்டியாகியிருக்கும். ஓவராயில் பண்ணியாக வேண்டும். தெருமுனைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனால், கியர் சைக்கிள்களுக்கு நடுவே நிற்கும் இளைஞர் ஆலன் கீயை எடுத்து வருவார். அதை மாட்ட ஓர் இடம் தேடுவார். கிடைக்காது. "இதுக்கு டூல் இல்லைங்க" என்பார். அப்படிச் சொல்பவர் நல்லவர். "அடிச்சுக் கழட்டிடலாம்" என்று சுத்தியலைத் தூக்குகிறவரிடம்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

அவர் அடிக்கப்போவது காட்டர் பின்னை. பெடல் கிராங்கை அச்சோடு பிடித்து வைத்திருப்பது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத இந்த ஆப்புதான். நட்டைக் கழற்றிவிட்டு மரை இருக்கும் முனையில் ஓங்கி அடித்தால் முனை வளையும், பின் அசையாது. அடியின் அதிர்ச்சி முழுக்க அச்சு வழியாக உள்ளே இருக்கும் பால்ரஸ்களுக்குப் போய், அவை ஓடுகிற கப்பில் குழி விழும். அதற்குப் பிறகு எத்தனை கிரீஸ் அடைத்தாலும் சத்தம் போகாது.

பழைய சைக்கிள் கடைகளில் இதற்கு ஒரு கருவி இருந்தது. கருவி என்று சொன்னால் கடைக்காரரே சிரிப்பார். சுமார் ஓர் அடி நீளத்தில் வெட்டிய தடித்த இரும்புக் குழாய், அவ்வளவுதான். கிராங்கின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அந்த அளவுக்கு அறுத்து வைத்திருப்பார்கள். நட்டு இருக்கும் முனை மேலே பார்க்க வண்டியை நிறுத்தி, கிராங்குக்கு அடியில் குழாயை முட்டுக் கொடுப்பார்கள். பின்னின் தலைப் பக்கம் குழாயின் துவாரத்துக்கு நேராக நிற்கும். முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தால், அழுத்தமாக ஒரே அடியில் பின் குழாய்க்குள் இறங்கிவிடும். அதிர்ச்சி தரைக்குப் போகும், பால்ரஸுக்குப் போகாது. தயங்கித் தயங்கி இருபது தட்டுத் தட்டுவதுதான் பின்னைக் கெடுப்பது.

சுத்தியலே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. லேத் பட்டறையில் இருக்கும் வைஸ் அல்லது தச்சர் வைத்திருக்கும் உறுதியான ஜி கிளாம்ப்பின் ஒரு பக்கம் சிறு சாக்கெட்டை வைத்து, மறு பக்கத்தால் பின்னை அழுத்தலாம். டொக் என்று ஒரு சத்தம் வரும், பின் விட்டுவிடும். புதுப் பின் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது. 9.5 மில்லிமீட்டர் பின்னும் 9 மில்லிமீட்டர் பின்னும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

இதைவிடப் பெரிய ஆபத்து மரையில் இருக்கிறது. அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு இங்கே ஓடியவற்றில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த வண்டிகளே ஏராளம். அவற்றில் நாட்டிங்ஹாமின் ராலே ஒரு தனிப் பிறவி. பெரும்பாலான இங்கிலீஷ் வண்டிகளில் அச்சுக் கூட்டின் கப்புக்கு அங்குலத்துக்கு 24 மரை என்றால், ராலே தன் வண்டிகளுக்கு 26 வைத்துக்கொண்டது. கடையில் கிடைக்கும் புதுக் கப்பை அதில் வைத்தால் இரண்டு சுற்று சமர்த்தாகப் போகும். பிறகு இறுகும். 'துருதான்' என்று நினைத்துப் பலம் கொடுத்தால் கூட்டின் மரை போய்விடும். பின் போனால் வேறு பின் வாங்கலாம். கூடு பிரேமோடு சேர்ந்தது, அதற்கு மாற்று கிடையாது.

அதனால் பழைய கப் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு 11 என்று கால் அங்குல பால்ரஸை மட்டும் மாற்றினால் போதும். செயின் பக்கத்துக் கப்பைக் கழற்றவே வேண்டியதில்லை, டார்ச் அடித்துப் பார்த்து உள்ளேயே துடைத்துவிடலாம். கழற்றியே தீர வேண்டுமென்றால், அந்தப் பக்கம் மரை இடம்புரி என்பது நினைவில் இருக்க வேண்டும். வழக்கம்போலத் திருகுகிறவர் இறுக்கிக்கொண்டே இருப்பார்.

ஸ்பானரிலும் ஒரு குழப்பம் உண்டு. பழைய இங்கிலீஷ் வண்டிகளின் சில நட்டுகளுக்கு 13 ஸ்பானர் நுழையாது, 14 ஆடும். ஜோசப் விட்வொர்த் 1841-ல் வகுத்த மரை அளவுகளின் வழி வந்தவை அவை. ஸ்பானரில் 1/4 என்று போட்டிருந்தால் அது போல்ட்டின் பருமன், வாயின் அகலம் ஏறக்குறைய 13.3 மில்லிமீட்டர். ஆடுகிற ஸ்பானரைப் போட்டு நட்டின் மூலையை உருண்டையாக்குவதைவிட, பழைய புல்லட்டுகளைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கேட்பது புத்திசாலித்தனம். அவர் பெட்டியில் விட்வொர்த் ஸ்பானர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சக்கரத்தின் கோனைப் பிடிக்க வேண்டிய மெல்லிய ஸ்பானர் கிடைக்காவிட்டால், சாதாரண ஸ்பானர் ஒன்றை வாங்கிப் பட்டறையில் இரண்டு மில்லிமீட்டருக்குத் தேய்க்கச் சொன்னால் வேலை முடிந்தது.

இப்படித் தேய்த்ததும் வளைத்ததும் அறுத்ததுமாக, எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லாத கருவிகள் ஒவ்வொரு பழைய சைக்கிள் கடையிலும் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கும். கடைப் பெரியவருக்கு வயதாகி, மகன் வேறு வேலைக்குப் போய், ஷட்டர் இறங்கும் நாளில் அந்தப் பெட்டி காயலான் கடைத் தராசில் ஏறும். ஓரடிக் குழாயை எடை போடுகிறவருக்கு அது வெறும் குழாய்தானே! வாடகை சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த பெரியவர் யாராவது ஊரில் இருந்தால், பேரன் வண்டியை உருட்டிக்கொண்டு முதலில் போக வேண்டிய இடம் அதுதான். கருவியும் அங்கே இருக்கும், பிடிக்கத் தெரிந்த கையும் இருக்கும்.

பெரியவர் புதுப் பின்னின் பட்டையை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, வலது கிராங்கில் ஒரு திசையிலும் இடது கிராங்கில் எதிர்த் திசையிலும் மாட்டுவார். ஒரே திசையில் மாட்டினால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது கால் நொண்டும். "நாளைக்கு ஒரு தடவை கொண்டாப்பா, நட்டு எளகியிருக்கும்" என்றும் சொல்லி அனுப்புவார். வேறு காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று பேரன் நினைத்துவிடக் கூடாது. கொஞ்ச தூரம் ஓடியதும் பின் இன்னும் உள்ளே உட்கார்ந்து நட்டு தளர்ந்திருக்கும். அரைச் சுற்று இறுக்க வேண்டியிருக்கும்.