சபர் போகும் படிப்பு

 

மேலப்பாளையத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் இம்மாதம் என் மேசையில் இருக்கிறது. அவருடைய மகள் வணிக மேலாண்மை முதுநிலை பயில்கிறார். அவருடைய கல்வி நிறுவனத்துக்கும் ஜெர்மனியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் பரிமாற்ற உடன்பாடு உண்டு. அக்டோபரில் தொடங்கும் பருவத்தை அங்கே பயில இவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பத்து நாள்களுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். வாப்பாவோ, "ஊர் சுற்றிப் பார்க்கவா இவ்வளவு பணம்? இங்கே இல்லாத படிப்பா?" என்கிறார். மகள் மூன்று நாள்களாகச் சரியாக உண்ணவில்லை. "நான் யார் பக்கம் பேசுவது?" என்று கேட்கிறார் தாயார்.

கடிதத்தின் கடைசி வரியில் இன்னொரு செய்தி இருக்கிறது. பிள்ளையின் பாட்டனார் பதினான்கு வயதில் கொழும்புக்குச் சபர் போனவர். திரும்பி வந்து அவர் தொடங்கிய ஜவுளிக்கடையைத்தான் இன்று மகன் நடத்துகிறார். வாப்பாவுக்கு நான் சொல்ல விரும்பும் விடை அந்த வரியிலேயே அடங்கியிருக்கிறது.

பாட்டனார் கொழும்பில் துணியைப் பற்றியா கற்றார்? தறிச் சத்தம் மேலப்பாளையத்தில் இல்லாததா? அறியாத மொழி பேசும் வாடிக்கையாளரின் மனத்தை அறியவும், கணக்கு எழுதவும், கடன் சொல்லி வாங்கிய சரக்குக்குத் தவணை தவறாமல் பணம் கட்டவுமே கற்றார். நம் ஆற்றங்கரைக்கு இது புதிதன்று. தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் இருந்த காயல் துறைமுகத்துக்கு ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளும் சரக்குகளும் வந்திறங்கியதை, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். வாணிபம் என்பது அந்நியரோடு பழகும் கலை. பல நாட்டு மாணவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு நிறுவனத்தின் இக்கட்டை ஆராய்ந்து, வாதாடி முடிவெடுக்கும் வகுப்பறையும் அக்கலைக்கு ஒரு பள்ளிக்கூடமே.

இனி, செலவைப் பார்ப்போம். பரிமாற்ற உடன்பாட்டில் கட்டணத்தைச் சொந்த நிறுவனத்தில் செலுத்தினால் போதும். அங்குள்ள பல்கலைக்கழகம் பொதுவாகத் தனியாகக் கல்விக் கட்டணம் கேட்பதில்லை. பயணம், காப்பீடு, விடுதி, உணவு ஆகியவையே நம் பொறுப்பு. ஜெர்மன் விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம் (2024 செப்டம்பரில் வகுத்த அளவு) ஒரு கணக்கில் முன்கூட்டியே செலுத்திக் காட்ட வேண்டியிருக்கும். ஐந்து மாதத்துக்கு 4,960 யூரோ. இது கட்டணமன்று, மாதந்தோறும் பிள்ளையின் செலவுக்கே திரும்பி வரும் பணம். 1987-இல் ஐரோப்பிய நாடுகளுக்குள் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம், 2014-இல் எராஸ்மஸ் பிளஸ் என்று விரிந்தபின் இந்திய மாணவர்களுக்கும் உதவித்தொகைக்கு வழி செய்தது. இரு நிறுவனங்களுக்கும் இடையே அதற்கான ஏற்பாடு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கியாவது அனுப்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பருவச் செலவு, முழுப் பட்டப்படிப்புச் செலவைப் போன்றதன்று. கைச்சேமிப்புக்கு எட்டுமா என்று கணக்கிடுங்கள்.

சம்மதம் எழுதுமுன் மூன்று காரியங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அங்கே பயிலும் பாடங்கள் இங்கே மதிப்பெண்ணாக ஏற்கப்படும் என்பதற்குக் கையொப்பமிட்ட ஒப்பந்தத் தாள். ஐரோப்பாவில் ஒரு பருவத்துக்கு 30 மதிப்பலகு என்பது பொதுக் கணக்கு. அது இங்கே எத்தனையாகும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

இரண்டாவது, கால அட்டவணை. ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் குளிர்காலப் பருவம் மார்ச் வரை நீள்கிறது. தேர்வுகள் பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும். அதற்குள் இங்கே அடுத்த பருவம் தொடங்கிவிடும். வருகைப் பதிவுக்கு என்ன வழி என்று கேளுங்கள். கேளாமல் போனால் திரும்பி வந்ததும் ஓராண்டு வீணாகலாம்.

மூன்றாவது, தங்குமிடம். அங்கே மாணவர் அறைக்குத் தட்டுப்பாடு உண்டு. அறை உறுதியாகுமுன் விமானச் சீட்டு வாங்க வேண்டாம்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். 1961-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அங்கே வேலைக்குச் சென்ற துருக்கியரின் வழித்தோன்றல்கள் நடத்தும் ஹலால் கடைகள் நகரங்கள்தோறும் இருக்கின்றன. டிசம்பரில் பகல் ஏறத்தாழ எட்டு மணி நேரமே. லுஹரும் அஸரும் மஃரிபும் வகுப்பு நேரத்துக்குள் நெருங்கி வரும். தொழுகை நேரத்தை முன்கூட்டியே திட்டமிடப் பிள்ளையைப் பழக்குங்கள். பெண்பிள்ளை தனித்துப் பயணம் செய்வது பற்றிய மார்க்க விளக்கத்தை உங்கள் ஊர் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அதில் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவனல்லன்.

சகோதரியே! யார் பக்கமும் பேச வேண்டாம். இம்மூன்று தாள்களையும் மகளையே கொண்டுவரச் சொல்லி, வாப்பாவின் முன் செலவுக் கணக்கோடு வைக்கச் சொல்லுங்கள். கொழும்புக் கணக்குப் பார்த்து வளர்ந்த குடும்பத்தில், கணக்குக் கேட்ட வாப்பாவுக்குக் கணக்காலேயே விடை சொல்வது அவளுடைய முதல் வணிகப் பாடமாக இருக்கட்டும். அதன்பின் அவர் "வேண்டாம்" என்றாலும், அது கோபத்தில் சொன்னதாக இராது. ஆராய்ந்து சொன்னதாக இருக்கும். "சரி" என்றால், பாட்டனாருக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து தொழில் கற்கச் சபர் போகும் பிள்ளை அவளாக இருப்பாள், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.