கம்பமும் கித்தாவும்

மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டத் தமிழர் ரப்பரைக் ‘கித்தா’ என்பார்கள். மலாயின் ‘கெத்தா’தான் அது. ஆனால் ‘கித்தாக் காடு’ என்று வல்லினம் மிகுந்து புணரும்போது சொல் தமிழாகிவிடுகிறது. இதைவிடத் தெளிவான சான்று ‘கம்பம்’. சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல் ‘கம்போங்’. அதன் ஈறு ‘அம்’ ஆனதும், மரம் மரத்தில் ஆவதுபோலக் கம்பம் ‘கம்பத்தில்’ ஆனது. ஈயச் சுரங்கமான ‘லொம்போங்’ இதே வழியில் ‘லம்பம்’ ஆனது. எழுதப் படிக்கத் தெரியாத பால்வெட்டுத் தொழிலாளிகூடச் சாரியையில் பிசகியதில்லை. ஊர்ப்பெயரும் தப்பவில்லை: மலாயில் ‘பெத்தானி’ என்றால் உழவர், ‘சுங்கை பெத்தானி’ என்ற நகரம் தமிழர் வாயில் சுங்கை பட்டாணி.

தோட்டத்துக்குள் சொற்கள் வேலையைப் பொறுத்துப் பிரிந்தன. ஆள் சேர்த்துவந்த கங்காணி தமிழர் என்பதால் மர வரிசையான நிரை, உறைந்து ஒட்டிய பாலான ஒட்டுப்பால், பால்வெட்டு எல்லாம் தமிழ். அதிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் ‘பெரட்டு’, குடியிருப்பான ‘லயம்’ இரண்டும் துரைமாரின் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. இலங்கை மலையகத்திலும் பிரட்டும் லயமும் உண்டு. மேற்பார்வையாளரைக் குறிக்கும் ‘மண்டோர்’ போர்த்துகீசியத்தில் பிறந்து, மலாய் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். நாணயத்துக்கும் கடன் வாங்கவில்லை: ரிங்கிட் ‘வெள்ளி’, சென் ‘காசு’.

தமிழ் மலாய்க்குக் கொடுத்த கணக்கு இன்னும் பழையது. 1025-இல் முதலாம் ராஜேந்திரனின் கடற்படை கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, தாக்கியது. தமிழ் வணிகரின் போக்குவரத்து அதற்கும் முந்தையது. கடை, கப்பல், கட்டில், பெட்டி, முதல் ஆகியவை மலாயில் கெடாய், கப்பால், காத்தில், பெத்தி, மோடால் என வாழ்கின்றன. வணிகர் கொடுத்தவை சரக்கும் முதலும் சார்ந்த சொற்கள். கூலிகளாக வந்தவர்கள் எடுத்துக்கொண்டவை காடும் ஊரும் சார்ந்தவை.

பாடநூலிலும் மேடையிலும் ‘ரப்பர்’ மதிப்போடு நிற்க, ‘கித்தா’ கொச்சையென ஒதுக்கப்படுவது நியாயமல்ல. இரண்டுமே இரவல்தான். தமிழ்ப் புணர்ச்சிக்கு முழுதாக வளைந்து கொடுத்தது கித்தா.

கித்தாக் காடுகள் பலவும் எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மாறிவிட்டன. லயங்களை விட்டவர்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் ஊர்களின் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், குடியேறினார்கள். ‘பசியாறியாச்சா?’ என்ற கேள்வி அங்கும் கூடவே வந்தது. பெரட்டும் நிரையும் ஒட்டுப்பாலும் வரவில்லை. அவற்றைக் கேட்க இன்று வயதானவர்களிடமோ, சீ. முத்துசாமி போன்ற தோட்டத்து எழுத்தாளர்களின் கதைகளிடமோதான் போகவேண்டியிருக்கிறது.