அடித்தண்ணீர் பொய் சொல்லாது

“சிறுதுளி பெருவெள்ளம்” என்னும் முதுமொழியைச் சேமிப்பின் பெருமையை உணர்த்தவே நாம் பெரும்பாலும் எடுத்தாளுகிறோம். கடலோரக் குடும்பங்களுக்கோ அம்மொழி வேறொரு பொருளும் தரவல்லது. பழைய மரப்படகின் அடித்தளத்தில் இரவோடிரவாகக் கசிந்து சேரும் நீரும் சிறுதுளியே. அதனைப் பாராமுகமாய் விட்டால் விளைவது பெருவெள்ளமே.

கண்ணாடியிழைப் படகுகள் இன்று நம் கரைகளை நிறைத்துவிட்டன. எனினும் மரப்படகுகள் முற்றாக மறைந்துவிடவில்லை. அண்மையில் வடபகுதிக் கடற்கரை ஒன்றில் முதிய ஓடாவியார் ஒருவர் அத்தகைய படகொன்றைச் சோதிப்பதைக் கண்டோம். புதிதாகப் பூசிய வண்ணத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. உள்ளே தட்டுப் பலகையைத் தூக்கி, அடியில் நின்ற நீரையே உற்றுநோக்கினார். “பெயின்ற் பொய் சொல்லும் தம்பி, அடித்தண்ணி பொய் சொல்லாது” என்றார்.

அந்நீரை ஏன் அஞ்சவேண்டும்? 300 லீற்றர் நீரின் நிறை 300 கிலோ. அதாவது நான்கைந்து ஆட்களின் பாரம். அவர்கள் ஓரிடத்தில் அமைதியாக அமர்ந்திருப்பின் பெருந்தீங்கில்லை. படகு எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கத்துக்கே அனைவரும் ஒருங்கே ஓடினால் என்னவாகும்? தேங்கிய நீர் செய்வது அதுவே. அலை சற்றே சாய்க்கும் படகை அது மேலும் சாய்த்துவிடுகிறது.

நீர் எங்கிருந்து வந்ததென்பதை முதலில் அறிதல் வேண்டும். எண்ணெய் கலவாத நீராயின், விரல்நுனியால் தொட்டு நாவில் வைத்து உமிழ்ந்தாலே போதும். உப்புக் கரித்தால் அது கடலிலிருந்து வந்தது. கரிக்காவிடில் மேலிருந்து இறங்கிய மழைநீர். மழைநீர்தானே என்று மகிழ்வதற்கில்லை. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் நன்னீரின் ஈரத்திலேயே செழித்து வளரும். உப்பு அதனைத் தடுக்கும். ஆதலால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்றட்டின் வெடிப்புகளை அடைப்பதும், வெயில் எறிக்கும் நாளில் மூடிகளைத் திறந்து உள்ளே காற்றோட விடுவதும் இன்றியமையாதன.

கடல்நீர் பெரும்பாலும் மூன்று வழிகளால் நுழையும். முதலாவது, பலகைகளின் பொருத்து. மரம் நீரில் ஊறிப் பருக்கும். வெயிலில் காய்ந்து சுருங்கும். நெடுநாள் கரையேற்றி வைத்த படகு இறக்கிய அன்று ஒழுகுவதும், ஊறியபின் ஒழுக்குக் குறைவதும் இதனாலேயே. கரையில் நிற்கும் படகைக் கிடுகினால் மூடி, காலையும் மாலையும் கடல்நீர் தெளித்துவரின் பொருத்துகள் அதிகம் விரியா. ஊறியபின்னும் ஒழுகுமாயின் கலப்பத்து வேலை தேவை. மக்கிய பழைய பஞ்சைக் கிளறி எடுத்து, பருத்தித் திரியை உளியால் செலுத்தி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியப் பசையால் மூடுவது பழைய முறை. காய்ந்த இடைவெளி அகலமாயிருக்கிறதென்று அளவுக்கு மிஞ்சித் திணித்தல் ஆகாது. பின்னர் மரம் பருக்கும்போது இடமின்றிப் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, வங்குகளிலிருந்து ஆணிகளையே பெயர்த்துவிடும்.

இரண்டாவது வழி அந்த ஆணிகளே. இரும்பாணி துருப்பிடிக்க, அதனைச் சுற்றிய மரமும் கெடுகிறது. பலகையில் செந்நிறக் கறை வழிந்திருப்பின் அதுவே அடையாளம். பழைய துவாரத்தை மரமுளையால் அடைத்து, அருகே நல்ல மரத்தில் நாகம் பூசிய ஆணி அறைதல் நன்று.

மூன்றாவது, விசிறித் தண்டு பின்புறத்தே மரத்தை ஊடுருவி வெளியேறும் இடம். அங்கே கொழுப்பேற்றிய கயிற்றைச் சுற்றி இறுக்கியிருப்பர். தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில துளிகள் விழலாம். அவை சூட்டைத் தணிக்கும். தண்டு நின்றபின் துளியும் நிற்கவேண்டும். ஒரு துளியும் விழலாகாதென்று முறுக்கினால் கயிறு கருகித் தண்டும் தேயும்.

இங்கே ஒரு மயக்கத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். பற்றரியில் தானே இயங்கும் பம்பு ஒன்றைப் பூட்டிவிட்டால் கவலை தீர்ந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். பம்பு நீரை வெளியேற்றுமேயன்றி, வரும் வழியை அடைக்காது. நாளுக்கு நாள் கசிவு மிகுவதை அது நம் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது. வங்குகளின் அடியில் நீர் ஓடுவதற்கென விட்ட சிறு துவாரங்களை மீன்செதிலும் வலைநூலும் அடைத்துக்கொண்டால், நீர் பம்பை அடையாமல் வேறிடத்தில் தேங்கும். அத்துவாரங்களை அடிக்கடி கிளறித் துப்புரவாக்கவேண்டும். நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஓரங்குல விட்டமுள்ள துவாரம் ஏற்பட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 லீற்றர் நீர் உட்புகும். பற்றரி சோர்ந்த இரவில் அதனை வாளியால் இறைத்து வெல்வது எளிதன்று.

ஆகவே நாம் கூறும் யோசனை மிக எளியது. நாள்தோறும் காலையில் பம்பை இயக்குமுன், அடித்தண்ணீரை ஒரு குச்சியால் அளந்து பாருங்கள். அல்லது வாளியால் இறைத்து எண்ணுங்கள். பம்பு தானே இயங்குவதாயின் முதல்நாள் மாலையே அதனை நிறுத்தி வையுங்கள். படகு கரையருகே கட்டிநிற்கும் இரவில் மட்டும் இதனைச் செய்க. பள்ளி செல்லும் பிள்ளையிடம் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொடுத்துத் திகதியையும் அளவையும் எழுதச் சொல்லுங்கள். வழக்கமாக இரண்டு வாளி காணும் படகில் ஒருநாள் ஐந்து வாளி கண்டால், மழையுமின்றி நீரும் உப்பாயிருந்தால், அன்று தொழிலுக்குப் போகாமல் ஓடாவியாரை அழைப்பதே அறிவுடைமை.

ஒருநாள் உழைப்பை இழப்பது குடும்பத்துக்கு நட்டந்தான். ஆனால் அது மறுநாளே ஈடுசெய்யக்கூடிய நட்டம். கொப்பியில் கணக்கெழுதும் பிள்ளைக்குத் தந்தை மாலையில் கரை திரும்புவதைவிடப் பெரிய இலாபம் வேறில்லை.