தோளை இறக்குங்கள், மூச்சை விடுங்கள்



இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கையை நெஞ்சிலும் இன்னொரு கையை வயிற்றிலும் வைத்து, நன்றாக ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். எந்தக் கை அசைந்தது? நெஞ்சில் இருந்த கைதான் என்றால், தோளும் கூடவே ஏறியிருந்தால், இந்தப் பக்கம் உங்களுக்காகத்தான்.

"நெஞ்சை நிமிர்த்து, வயிற்றை உள்ளே இழு" என்றுதான் பள்ளிக்கூடத்து டிரில் வகுப்பில் நம்மில் பலருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அணிவகுப்புக்கு அது சரி. மூச்சுக்குச் சரியில்லை. நுரையீரல் தானாக விரியாது. அதன் அடியில் குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கினால்தான் அடிப்பகுதி வரை காற்று போகும். அது இறங்கும்போது வயிறு முன்னால் வந்தே தீரும். தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு எழும்பித் தாழும். நமக்கும் பிறவியிலேயே வந்த பழக்கம்தான் அது. இறுக்கமான உடையும், கூன் விழுந்த உட்காரலும், எந்நேரமும் விரட்டும் பதற்றமும் அதை மறக்கடித்துவிட்டன.

மேலோட்டமான மூச்சில் என்ன நஷ்டம்? சாதாரணமாக ஒரு மூச்சில் 500 மில்லி காற்று உள்ளே போகிறது. அதில் சுமார் 150 மில்லி மூக்கிலும் மூச்சுக்குழாயிலுமே தங்கிவிடும். ரத்தத்தோடு கலக்கும் இடத்துக்கு வராது. நிமிடத்துக்கு 12 மூச்சு, மூச்சுக்கு 500 மில்லி என்றால், மொத்தம் 6 லிட்டரில் 4.2 லிட்டர் பயன்படுகிறது. அதே 6 லிட்டரை 250 மில்லியாக 24 தடவை இழுத்தால், பயன்படுவது 2.4 லிட்டர்தான். உழைப்பு இரட்டிப்பு, பலனோ பாதியைச் சற்றுத்தான் தாண்டுகிறது.

ஆழ்ந்த மூச்சு என்றதும் சிலர் வேகவேகமாக வாரி இழுக்கிறார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே போய், தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். என் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறேன்: இழுப்பதைவிட விடுவதில்தான் ஆறுதல் இருக்கிறது. மணிக்கட்டில் நாடி பிடித்தபடி மெதுவாக மூச்சு விடுங்கள். இழுக்கும்போது சற்று விரைந்த துடிப்பு, விடும்போது நிதானப்படுவது பலருக்கு விரலிலேயே தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. திருமூலர் திருமந்திரத்தில் இழுக்க 16 மாத்திரை, விட 32 மாத்திரை என்று கணக்கு வைத்திருக்கிறார். வெளிமூச்சு இரண்டு பங்கு! இடையில் 64 மாத்திரை மூச்சை அடக்கவும் சொல்கிறார். அதை ஆசான் இல்லாமல் யாரும் முயல வேண்டாம்.

இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லவும், பௌத்த மந்திரம் ஜபிக்கவும் வைத்து அளந்தார்கள். அந்த ஆய்வு 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் உடலின் அனிச்சைச் செயலும் மேம்பட்டது. ஜெபம் முடித்து எழுந்த பாட்டிகளின் முகத்தில் ஒரு தெளிவு இருக்குமே, அதில் மூச்சுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பழகுவது எளிது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். மூக்கு வழியே, மனதுக்குள் மூன்று எண்ணும் வரை இழுங்கள். வயிற்றில் உள்ள கை மேலே வரட்டும். ஆறு எண்ணும் வரை விடுங்கள். திணறினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் போதும். சாப்பிட்ட உடனே வேண்டாம்.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள். கொரோனா காலத்தில் பல வீடுகளுக்குள் வந்தது அது. 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். அதை ஊதுகிறவர்கள் நிறையப் பேர். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பந்தைச் சட்டென்று உச்சிக்கு ஏற்றுவதும் பயிற்சி ஆகாது; ஏறிய பந்தை இரண்டு மூன்று வினாடி அங்கேயே நிறுத்த வேண்டும். தையல் வலிக்குப் பயந்து குட்டிக்குட்டியாக மூச்சு விடுபவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கிவிடும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ பயிற்சியில் இறங்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே வேண்டாம்.

அடுத்த இதழில் நுரையீரல் மருத்துவர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இரவுப் பணி பார்ப்பவர்கள், அடுப்படிப் புகையில் நாளெல்லாம் நிற்பவர்கள், மில்லில் பஞ்சுத் தூசுக்கு நடுவே வேலை செய்பவர்கள் அவசியம் எழுதுங்கள். உங்கள் கேள்விகளுக்குத்தான் முதல் இடம்.

அன்புடன்,
ஆசிரியர்